சிறு நினைவகத்தில் தமிழ் எழுத்து: உட்பொதி மென்பொருளில் துணைநூலகச் சார்பும் அளவு வரம்பும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

சிறு கருவிகளுக்குள் இயங்கும் மென்பொருளில் தமிழைக் காட்ட வேண்டிய நிலை வரும்போது, தேவையான துணைநூலகங்கள் கருவியின் நினைவகத்தில் அடங்கா என்னும் காரணம் வழக்கமாக முன்வைக்கப்படுகிறது. அக்காரணத்தின் வலிமையை இக்கட்டுரை எண்களைக் கொண்டு மதிப்பிடுகிறது. எழுத்துருவின் அளவு, குறியேற்றத்தின் அளவு, எழுத்துக் கோப்பு நூலகத்தின் அளவு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று குழப்பப்படுவதே தமிழ் விடுபடுவதற்குக் காரணம் என்றும், டேஸ்16 விவாதத்திலும் எழுத்துச் சீர்மை விவாதத்திலும் இதே குழப்பம் உள்ளது என்றும் வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: உட்பொதி மென்பொருள், துணைநூலகம், குறியேற்றம், டேஸ்16, எழுத்துச் சீர்மை, ஆலங்குளம்.

முன்னுரை

தமிழ்க் கணிமை ஆய்வுகள் பெரும்பாலும் மேசைக் கணினியையும் திறன்பேசியையும் மனத்திற்கொண்டே எழுதப்படுகின்றன. நினைவகம் அங்கே ஒரு பொருட்டன்று. ஆனால் எடைக்கருவி, நீரேற்றி இயக்கி, வெப்ப ஈரப்பத அளவி, பேருந்தின் ஒளிப்பலகை ஆகியவற்றுள் இயங்கும் கணினி வேறு வகையது. ஒரே பணிக்கென்று ஒரு சில்லினுள் எழுதப்பட்டு, அக்கருவியின் உறுப்பாகவே ஆகிவிடும் நிரலை உட்பொதி மென்பொருள் என்பர். பிறர் எழுதி வைத்த பொதுப்பயன் செயற்கூறுகளின் தொகுதி துணைநூலகம். அதைத் தன் நிரலுக்குள் ஒருவர் இணைத்துக்கொள்வது சார்பு.

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம், தென்காசி மாவட்டத்தில் அதே பெயரில் உள்ள ஊரினின்று வேறானது. அரசு சிமெண்ட் ஆலையால் அறியப்படும் இவ்வூரைச் சூழ்ந்த வட்டாரம் பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் நிலம். அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் வெப்பம் பிறக்கும், அவ்வெப்பம் தீயாகலாம். ஆகவே மருந்து கலக்கும் அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து, அங்கு வேலை செய்பவருக்கு எழுத்தில் எச்சரிக்கை காட்டும் மலிவான கருவி ஒன்றை எண்ணிப் பார்ப்பது வெறுங்கற்பனை ஆகாது. அவ்வெச்சரிக்கை ஆங்கிலத்தில் வந்தாலோ, தமிழென்ற பெயரில் சிதைந்து வந்தாலோ அதனால் கெடுவது கருவியின் அழகு மட்டுமன்று. இக்கட்டுரை இந்தக் கருவியையே தன் அளவுகோலாகக் கொள்கிறது.

வரம்பு எங்கே உள்ளது

கல்லூரி ஆய்வகங்களில் பரவலாகக் காணப்படும் ஆர்டுயினோ யூனோ பலகையில் உள்ள ஏடிமெகா328பி என்னும் நுண்கட்டுப்படுத்தியில் நிரலுக்கான ஃபிளாஷ் நினைவகம் 32 கிலோபைட். இயங்குகையில் பயன்படும் நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. எஸ்.டி.எம்.32எஃப்103சி8 என்னும் மற்றொன்றில் முறையே 64, 20 கிலோபைட். இஎஸ்பி32 வரிசையில் இயக்க நினைவகமே 520 கிலோபைட். அதனோடு 4 மெகாபைட் ஃபிளாஷ் இணைந்து வருவது வழக்கம். இவை மூன்றையும் ‘சிறு கருவி’ என்று ஒரே பெயரால் அழைப்பதில்தான் முதற்குழப்பம் தொடங்குகிறது. மூன்றாவதில் எளிதாக அடங்கும் நூலகம் முதலாவதின் வாயிலுக்குள்ளேயே நுழையாது.

நூலகத்தின் அளவு என்பதும் ஒற்றை எண்ணன்று. ஒரு நூலகம் வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது வேறு. அதிலிருந்து இறுதி நிரலுக்குள் எவ்வளவு வந்து சேர்கிறது என்பது வேறு. ஒவ்வொரு செயற்கூறையும் தனிப்பகுதியாகத் தொகுத்து, அழைக்கப்படாத பகுதிகளை நீக்குமாறு இணைப்பிக்கு ஆணையிட்டால், ஆயிரம் செயற்கூறுகள் கொண்ட நூலகத்திலிருந்து பத்து மட்டுமே உள்ளே வரும். அவ்வாறு தொகுக்கப்படாத நூலகத்தில் ஒன்றை அழைத்தாலும் அது இருக்கும் கோப்பு முழுவதும் வந்துசேரும். ஆகவே ‘அந்த நூலகம் பெரியது’ என்னும் கூற்று, இணைப்பி தரும் நினைவக வரைபடத்தைக் காட்டாதவரை ஆய்வுக்கூற்றாகாது. மாணவர் திட்ட அறிக்கைகளில் இவ்வரைபடம் அரிதாகவே இடம்பெறுகிறது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

சுருக்குவதற்கும் ஒரு விலை உண்டு. ஏ.வி.ஆர். சில்லுகளுக்கான சி மொழி நூலகத்தில் எண்ணையும் எழுத்தையும் வடிவமைத்து அச்சிடும் ‘பிரிண்ட்எஃப்’ செயற்கூறு மூன்று அளவுகளில் கிடைக்கிறது. இயல்பாக இணைவதில் பின்ன எண்களை எழுதும் பகுதி விடப்பட்டிருக்கும். அதனிடம் 36.5 என்னும் வெப்பநிலையைக் கொடுத்தால் அது பிழை என்று நிற்காது. எண்ணின் இடத்தில் ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்டு மேலே செல்லும். ஆர்ம் சில்லுகளுக்கான ‘நியூலிப் நேனோ’வும் பின்ன எண்ணைத் தனியே கேட்டாலன்றித் தராது. நூலகத்தை எழுதியவர் இதை மறைக்கவில்லை. ஆவணத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். எனினும் கருவியின் முன் நிற்பவர் அந்த ஆவணத்தைப் படித்தவர் அல்லர். பிறருக்குக் கேள்விக்குறியாக வருவது தமிழருக்குப் பல வேளைகளில் வெற்றுக்கட்டமாக வருகிறது. இரண்டும் ஒரே முடிவின் விளைவுகள்.

சார்பின் விலை

அளவு வரம்பு எப்போதும் தீமையே செய்தது என்பதற்கில்லை. 1.44 மெகாபைட் நெகிழ்வட்டு ஒன்றில் டெபியன் லினக்ஸின் நிறுவல் கருவிகளை அடக்க வேண்டியிருந்தமையால்தான் 1990களின் நடுவில் புரூஸ் பெரென்ஸ் ‘பிசிபாக்ஸ்’ என்னும் தொகுப்பை எழுதினார். தனித்தனி நிரல்களாக இருந்த பல பயன்கருவிகள் ஒரே நிரலுக்குள் பொதுக்கூறுகளைப் பகிர்ந்துகொண்டன. நெகிழ்வட்டு மறைந்த பின்னும் அது இணையத் திசைவிகளிலும் பிற சிறு கருவிகளிலும் வாழ்கிறது.

சார்பின் விலை பைட்டுகளால் மட்டும் அளக்கப்படுவதும் அன்று. 2016 மார்ச்சில் ‘லெஃப்ட்பேட்’ என்னும் 11 வரி நிரலை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது, அதை நேரடியாகவோ சுற்றிவளைத்தோ சார்ந்திருந்த பெருந்திட்டங்கள் பல தொகுக்க இயலாமல் நின்றன. ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் சேர்ப்பதே அந்நிரலின் பணி. இந்நிகழ்வைக் காட்டி, எல்லாவற்றையும் தாமே எழுதுவதுதான் அறிவுடைமை என்று முடிவு கட்டுவோர் உளர். உட்பொதி மென்பொருளில் இம்முடிவு கவர்ச்சியானது, ஆனால் அரைகுறையானது. யு.டி.எஃப்-8 பைட்டுகளைக் குறியெண்களாக மாற்றும் செயற்கூறு முப்பது வரிக்குள் அடங்கும், எவரும் எழுதலாம். இடையில் அறுந்துபோன பைட் வரிசை வந்தால் என்ன செய்வது, ஒரே எழுத்தை நீட்டி எழுதிய முறைகேடான வடிவம் வந்தால் என்ன செய்வது என்பவற்றையும் கையாளும் செயற்கூறு பலரால் பல்லாண்டு சோதிக்கப்பட்டதாகத்தான் இருக்கும். சார்பை விலக்கியவர் அந்தச் சோதனையையும் விலக்குகிறார்.

தமிழ் எழுத்தைத் திரையில் முறையாகக் கோத்துக் காட்டும் பணிக்கு இன்று உலகெங்கும் பயன்படுவது ‘ஹார்ஃப்பஸ்’ நூலகம். உலகின் எழுத்துமுறைகள் அனைத்தையும் கருதி எழுதப்பட்டமையால் அது 32 கிலோபைட்டில் அடங்கக்கூடியதன்று. அதன் உருவாக்குநரே ‘டைனி’ என்னும் சிற்றமைவை அளித்துள்ளனர். அதுவும் இச்சில்லுக்கு மிகுதி. ‘ஐ.சி.யு.’ நூலகத்தின் தரவுக்கோப்போ மெகாபைட்டுகளில் எண்ணப்படுவது. எதிர்முனையில், சிறு திரைகளுக்கென்று எழுதப்பட்ட ‘யூ8ஜி2’ நூலகம் இந்தச் சில்லில் நன்றாக இயங்கும். 128×64 புள்ளித் திரையின் முழுப்படமும் 1,024 பைட், அதாவது இயக்க நினைவகத்தில் பாதி. அவ்விடமும் இல்லையெனில் திரையைப் பகுதி பகுதியாக வரைந்து நினைவகத்தைச் சேமிக்கும் வழியும் அந்நூலகத்தில் உண்டு. பொறியியல் நோக்கில் பாராட்டத்தக்க வேலை. ஆனால் அது குறியெண்களை வந்த வரிசையிலேயே வரையும்; இடம் மாற்றாது. யுனிகோடில் ‘வெப்பம்’ என்பது வகரம், அதன்பின் ஒற்றைக்கொம்பு என்னும் முறையில் சேமிக்கப்படுகிறது. வரிசைப்படி வரைந்தால் கொம்பு வகரத்தை விட்டுப் பகரத்தின் முன் போய் நிற்கும். படிப்பவர் கண்ணில் அது எழுத்துப்பிழையாகக்கூடப் படாது. வேறொரு சொல்லாகப் படும்.

எனவே கையிருப்பில் உள்ள தெரிவுகள் இரண்டு என்று தோன்றும்: சரியாகக் காட்டும், ஆனால் அடங்காத நூலகம், அடங்கும், ஆனால் தவறாகக் காட்டும் நூலகம். கருவி செய்வோர் மூன்றாவதாக ஒன்றைத் தேர்கின்றனர்: தமிழை விட்டுவிடுதல்.

‘ஆலங்குளம்’ என்னும் சொல்லின் கணக்கு

இவ்விரண்டுக்கும் இடையே தமிழ் உண்மையில் எவ்வளவு இடம் கேட்கிறது? உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி பெற்ற மெய் 18, இகர ஈகார உயிர்மெய் 36, உகர ஊகார உயிர்மெய் 36, துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு என 4. ஔகாரக் குறியின் பிற்பகுதிக்கு ளகர வடிவமே போதும். ஆக 125 வடிவங்கள். ஒவ்வொன்றும் 16×16 புள்ளிக் கட்டத்தில் 32 பைட். மொத்தம் 4,000 பைட். ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஆகியவற்றுக்கு ஆறாறு வடிவமும் ஸ்ரீயும் சேர்த்தால் இன்னும் 31. அப்போது 4,992 பைட். ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி ஆகிய 95 வடிவங்களை 8×16 கட்டத்தில் வைத்தால் 1,520 பைட். எல்லாம் சேர்த்து 6,512 பைட். 32 கிலோபைட்டில் இது ஐந்தில் ஒரு பங்கு.

வடிவங்களின் மொத்த எண்ணிக்கை 251. ஒரு பைட்டில் 256 எண்களைக் குறிக்கலாம். எனவே ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பைட் போதும். மிச்சம் ஐந்து இடங்கள் உள்ளன.

‘ஆலங்குளம்’ ஆறு எழுத்துச் சொல். யுனிகோடில் ஒன்பது குறியெண்கள்; யு.டி.எஃப்-8 முறையில் 27 பைட். மேற்சொன்ன வடிவ எண் முறையில் ஆறே பைட். அண்டையிலுள்ள ‘வெம்பக்கோட்டை’ ஏழு எழுத்து, 13 குறியெண், 39 பைட். வடிவ எண் முறையில் கொம்புகள் முன்னிற்க, கோகாரம் மூன்றாகப் பிரிய, 11 பைட். இந்த வரிசை ஏற்கெனவே கண்ணுக்குத் தோன்றும் வரிசையாதலால் ‘யூ8ஜி2’ போன்ற எளிய நூலகமே அதைப் பிழையின்றி வரைந்துவிடும்.

எழுத்து உள்ள மலிவான திரைகளில் பழமையானது எச்.டி.44780 கட்டுப்படுத்தியைக் கொண்ட இருவரித் திரை. அதன் நிலைநினைவகத்தில் ஆங்கில எழுத்தும், ஒரு வகையில் ஜப்பானியக் கதகானா எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கும். பயன்படுத்துவோர் தாமே வரைந்துகொள்ள எட்டு இடங்கள் மட்டும் உண்டு. ‘ஆலங்குளம்’ என்பதற்கு ஆறு வடிவங்கள் போதும், எட்டில் அடங்கும். ‘வெம்பக்கோட்டை’க்குப் பதினொன்று வேண்டும், அடங்காது. ஓர் ஊரின் பெயரைத் தமிழில் எழுதலாம், அடுத்த ஊரின் பெயரை எழுத முடியாது என்னும் நிலைக்கு எந்தத் துணைநூலகமும் பொறுப்பன்று. அது திரையின் வன்பொருள் வரம்பு. அத்திரையின் 5×8 புள்ளிக் கட்டம் தமிழ் எழுத்துக்குப் போதாது என்பது இருக்கவே இருக்கிறது. இதை மென்பொருளின் இயலாமையாகக் கூறுவது தவறான இடத்தில் பழி போடுவதாகும்.

இனி அளவுகோல் கருவிக்கு வரலாம். 128×64 திரையில் 16 புள்ளி எழுத்து வரிக்கு எட்டாக நான்கு வரி, அதாவது 32 வடிவங்கள் வரை நிற்கும். நாற்பது எச்சரிக்கைகள் என்று கொண்டால் 1,280 பைட். எழுத்துருவோடு சேர்த்து 7,792 பைட். சில்லின் கால்பங்குக்கும் குறைவு. ஒரே ஒரு கண்ணி உண்டு: இச்சில்லில் மாறிலித் தரவும் தனியே ஆணையிடாவிட்டால் இயக்க நினைவகத்துக்குப் படியெடுக்கப்படும். 2 கிலோபைட்டில் அவ்வெழுத்துரு கொள்ளாது. கருவி காரணம் சொல்லாமல் தடுமாறும். ‘தமிழ் சேர்த்ததும் கருவி நின்றுவிட்டது’ என்னும் குறையின் பின்னணியில் இந்த ஒரு வரி ஆணை இருக்கக்கூடும். ஞூ, ணூ போன்ற அகன்ற எழுத்துகள் 16 புள்ளி அகலத்தில் நெரிபடும் என்பதும் உண்மை. தமிழ், கிரந்த வடிவங்கள் 156-க்கும் 24 புள்ளி அகலம் அளித்தாலும் 7,488 பைட்தான். ஆயின் திரையில் நிற்கும் எழுத்துகளின் எண்ணிக்கை குறையும்.

இம்முறையில் துணைநூலகச் சார்பு இல்லாமற் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. தமிழ்ச் சரத்தை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் ‘ஓப்பன் தமிழ்’ போன்ற பைத்தான் நூலகமும், ஹார்ஃப்பஸும் தொகுக்கும் கணினியில் எவ்வளவு வேண்டுமானாலும் இடம் எடுத்துக்கொள்ளலாம். அவை செய்து முடித்த விளைவு மட்டும் அட்டவணையாகச் சில்லுக்குள் போகிறது. இதற்கும் விலை உண்டு. ஓர் எச்சரிக்கையில் எழுத்துப்பிழை இருந்தால் அதைக் கருவியிடத்தில் திருத்த இயலாது. தொகுக்கும் கணினிக்குத்தான் திரும்ப வேண்டும். அட்டவணையை ஆக்கிய சிறுநிரல் தொலைந்துபோனால் அடுத்த ஆண்டு ஒரு சொல்லை மாற்றவும் ஆளிருக்காது.

குறியேற்ற விவாதத்தின் மறுவாசிப்பு

தமிழ்க் குறியேற்ற வரலாற்றை அறிந்தோர்க்கு மேற்சொன்ன முறை புதிதன்று. யுனிகோடுக்கு முன் இணையத் தமிழர் பயன்படுத்திய திஸ்கி குறியேற்றமும் எட்டு பிட்டில் வடிவங்களை எண்ணி, கொம்பை முன்னிறுத்திச் சேமித்தது. 1999 சென்னைத் தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் ஆகியவையும் அவ்வகையினவே. பரிமாற்றத் தரமாக அவை வழக்கொழிந்தது சரியே. தேடவும் வரிசைப்படுத்தவும் வடிவ எண் உதவாது. ஆனால் சேமிப்பு வடிவமாக அவற்றின் அறிவு இன்னும் பழுதடையவில்லை.

2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு யுனிகோடுடன் டேஸ்16 என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் ஏற்று ஆணையிட்டது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியான 16 பிட் எண்; எழுத்தின் எண்ணிலிருந்தே அதன் மெய்யையும் உயிரையும் கணக்கிட்டு எடுக்கலாம். ‘கொடி’ யுனிகோடில் நான்கு குறியெண், யு.டி.எஃப்-8 முறையில் 12 பைட், 16 பிட் முறையில் எட்டு பைட். டேஸ்16-இல் இரண்டு எழுத்து, நான்கு பைட். இலக்கணம் எழுத்தென்று எதைச் சொல்கிறதோ கணினியும் அதையே எழுத்தென்று எண்ணுகிறது என்பது அதன் உண்மையான பெருமை.

டேஸ்16 ஆதரவாளர் முன்வைத்த திறன் வாதம், சிறு கருவிகளைப் பொறுத்தவரை முதற்பார்வைக்கு மறுக்க இயலாதது: கோப்பு நூலகம் வேண்டாம், எழுத்துக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு படம். ஆனால் இவ்வாதம் கருவியைத் தனித்தீவாகக் கருதுகிறது. கருவிக்கு வரும் உரை எங்கோ ஒரு கணினியிலோ கைப்பேசியிலோ யுனிகோடில் தட்டப்படுகிறது. டேஸ்16 எண்கள் யுனிகோடின் தனிப்பயன் பகுதியில் அமைந்திருப்பதால் பிற கருவிகள் அவற்றைத் தமிழாக அறியா. ஆகவே இருபக்கமும் மாற்றி நிரல் வேண்டும். வாசல் வழியே அனுப்பிய சார்பு கொல்லை வழியே திரும்புகிறது. மேலும், கூட்டெழுத்துகள் அனைத்துக்கும் தனிப்படம் என்றால் 247 வடிவங்கள். மேற்கண்ட 125-ஐப் போல ஏறத்தாழ இருமடங்கு எழுத்துரு. சரத்தில் சேமித்தது எழுத்துருவில் போய்விடுகிறது.

எதிர்த்தரப்பும் குறைசொல்லுக்கு அப்பாற்பட்டதன்று. ‘யுனிகோடு உலகத்தரம், நினைவகம் மலிவாகிவிட்டது, ஆகவே சிக்கல் இல்லை’ என்று அவர்கள் கூறியது மேசைக் கணினிக்கே பொருந்தும். நினைவகம் மலிவானதும், அதே 32 கிலோபைட்டைக் குறைந்த விலைக்கு வாங்கிக் குறைந்த விலைக் கருவியில் வைக்கும் பழக்கமே வளர்ந்தது. பரிமாற்றத்துக்கு யுனிகோடு, கருவியின் உள்ளே எழுத்தெண்ணோ வடிவ எண்ணோ என்று இரண்டையும் பிரித்திருந்தால் அவ்விவாதத்தின் பெரும்பகுதி எழுந்தே இராது. எந்தக் குறியேற்றம் ‘தமிழுக்கு உரியது’ என்று கேட்கப்பட்டதே தவிர, எந்த இடத்தில் எது என்று கேட்கப்படவில்லை.

கைப்பேசி வரலாறு இதை வேறு வகையில் காட்டுகிறது. ஒரு குறுஞ்செய்தியின் உடல் 140 பைட். ஏழு பிட் ஆங்கிலத்தில் 160 எழுத்து. 16 பிட் யுனிகோடில் 70 குறியெண். ‘வெடிமருந்து’ என்னும் ஆறெழுத்துச் சொல்லே 11 குறியெண்களைத் தின்றுவிடும். 2005 பொங்கலை ஒட்டிச் சிங்கப்பூரில் முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ வெளிவந்த காலத்தில், எளிய கைப்பேசிகள் பலவற்றில் ஜாவா செயலி முழுவதும் 64 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்தது. பின்னர் 3ஜி.பி.பி. தரத்தில் தமிழுக்கென்றே ஏழு பிட் அட்டவணை சேர்க்கப்பட்டது. அதைப் பயன்படுத்தினால் தலைப்புக்கூறு போக 155 குறிகள் கிடைக்கும். பரிமாற்றத்திலேயே இரண்டாவது வடிவத்தைத் தரப்படுத்திய அரிய முயற்சி அது. எனினும் அனுப்புபவர், பெறுபவர் இருவர் கருவியிலும் அட்டவணை இருந்தாலன்றி அதற்குப் பயனில்லை.

எழுத்துச் சீர்மையும் இயந்திர வாதமும்

இயந்திரத்தின் வரம்பு தமிழ் எழுத்தின்மேல் ஏற்றப்பட்டது இது முதன்முறையன்று. யாழ்ப்பாணத்து இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை அமைத்தபோது, நகராத விசைகளால் குறிகளை எழுத்தோடு சேர்த்து விசைகளின் எண்ணிக்கையைக் குறைத்தார். எழுத்தை அவர் மாற்றவில்லை. பெரியார் 1935 முதல் ‘குடிஅரசு’ இதழில் கையாண்ட சீர்திருத்தத்தின் காரணங்களுள் அச்சுக்கோப்பின் எளிமையும் ஒன்று. 1978இல் தமிழ்நாடு அரசு அதை ஆணையாக்கியது. ணா, றா, னா ஆகியவற்றின் பழைய கூட்டுவடிவங்களும், ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை வடிவங்களும், முன்னவற்றைச் சார்ந்த ஒகர ஓகார வடிவங்களும் நீங்கின. சிவகாசி போன்ற அச்சுத்தொழில் ஊர்களில் ஒவ்வொரு வடிவமும் ஈயத்தில் வார்த்துப் பல படிகளாக வாங்கி அறையறையாக நிரப்பப்பட்ட காலத்தில் அது பொருளுள்ள சேமிப்பு. இன்றைய கணக்கில் பார்த்தால் நீங்கிய தனிவடிவங்கள் ஏழு, 224 பைட்.

வா.செ. குழந்தைசாமி வலியுறுத்திய அடுத்த கட்டச் சீர்மை இகர, ஈகார, உகர, ஊகார உயிர்மெய் 72-ஐயும் தனிக்குறிகளால் எழுதுவது. அவருடைய வாதத்தின் முதன்மைக் காரணம் கற்போரின் சுமை. அது கல்வியியலார் ஆராய வேண்டியது. அதற்குத் துணையாக அவ்வப்போது சொல்லப்படும் இயந்திரக் காரணத்தை மட்டும் இங்கு எடைபோடலாம். 72 வடிவம் நீங்கும். 4 குறி சேரும். நிகரம் 68 வடிவம், 2,176 பைட். 32 கிலோபைட்டில் நூற்றுக்கு ஏழுக்கும் குறைவு. மிகச் சிறிய சில்லிலேயே இவ்வளவுதான் என்றால், இயந்திரத்துக்காக எழுத்தை மாற்ற வேண்டும் என்னும் கூற்றுக்கு இனி இடமில்லை. சீர்மையை ஏற்பவரும் மறுப்பவரும் தத்தம் வாதத்தை வேறு நிலத்தில் நின்று நடத்த வேண்டியிருக்கும்.

படமாகச் சேமித்தலும் அதன் எல்லையும்

கருவியில் எழுத்துக் கோப்பே வேண்டாம், முடிந்த படத்தை வைத்துவிடலாம் என்னும் வழியும் உண்டு. 2019 மக்களவைத் தேர்தலில் எல்லா வாக்குச்சாவடிகளிலும் இடம்பெற்ற, வாக்கைச் சரிபார்க்கும் காகிதச்சீட்டுக் கருவி இதற்குத் தக்க சான்று. வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் ஆகியவை வெளியே ஒரு கணினியில் படமாக்கப்பட்டு, சின்னம் ஏற்றும் தனிக்கருவி வழியே அதனுள் சேர்க்கப்படுகின்றன. ஏழு வினாடி கண்ணாடிக்குப் பின் தெரியும் அச்சீட்டில் உள்ள பெயரைக் கருவி படிக்கவுமில்லை, கோக்கவுமில்லை. எந்த மொழிக்கும் எந்த நூலகமும் வேண்டாத அமைப்பு. ஒரு தொகுதியின் வேட்பாளர் பட்டியல் என்பது எண்ணி முடிக்கக்கூடிய சிறு தொகுதி என்பதால் அது செல்லுபடியாகிறது.

அளவுகோல் கருவியில் அதே வழி முறிந்துபோகும். ஒரு முழுத்திரைப் படம் 1,024 பைட். 32 படங்கள் வைத்தால் சில்லே நிரம்பிவிடும். நிரலுக்கு ஒரு பைட்டும் மிஞ்சாது. நாற்பது எச்சரிக்கைக்கு 40,960 பைட் வேண்டும். வடிவ எண் முறையில் எழுத்துருவையும் சேர்த்து 7,792 பைட்டில் அதே வேலை முடிகிறது என்பது மேலே காட்டப்பட்டது. இருந்தும் படவழியே மிகுதியாகத் தேரப்படுகிறது. தமிழ் தெரியாத நிரலாளரும் அதைச் செய்துவிட முடியும் என்பதே காரணமாகலாம். நான்கைந்து தமிழ்த்திரை வைத்துவிட்டு, எஞ்சியவை ஆங்கிலத்தில் விடப்படுவதற்கும் அதுவே காரணம்.

இக்கட்டுரையின் கணக்கு செல்லாத இடமும் உண்டு. உரை முன்கூட்டியே தெரிந்திருக்கும்வரைதான் தொகுக்கும் கணினியில் கோத்து அனுப்ப முடியும். யார் எதை எழுதி அனுப்புவார் என்று தெரியாத கருவிக்குள் கோப்பு விதிகள் இருந்தே ஆக வேண்டும். தமிழ் மட்டும் என்றால் அவ்விதிகள் சில: கொம்புகளை மெய்யின் முன் கொண்டுவருதல், ஒகர ஓகார ஔகாரக் குறிகளைப் பிரித்தல், புள்ளியையும் இகர உகரக் குறிகளையும் மெய்யோடு சேர்த்து ஒரே வடிவமாக்குதல், க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றுக்குத் தனிவிதி. தேவநாகரி போலவோ மலையாளம் போலவோ பெருங்கூட்டெழுத்துகள் தமிழில் இல்லாமையால் இவற்றைச் சில நூறு வரிகளில் எழுதி அதே 32 கிலோபைட்டில் வைக்கலாம். பல மொழிகள் என்றால் நிலை வேறு. கைப்பேசிகள் 22 இந்திய மொழிகளின் உரையையும் காட்ட வேண்டும் என்று ஐ.எஸ். 16333 தரத்தின் மூன்றாம் பகுதியின்வழி நடுவண் அரசு 2016இல் கட்டாயமாக்கியபோது, எளிய கைப்பேசிக்கும் பொதுக் கோப்பு நூலகம் தவிர்க்க முடியாததாயிற்று. அங்கே ஹார்ஃப்பஸ் போன்ற சார்பு வீண்சுமையன்று. ஒவ்வொரு மொழிக்கும் தனிவிதி எழுதுவதே வீண்சுமை.

ஆலங்குளம் வட்டாரத்து மருந்தறைக் கருவி இவ்விரண்டில் முதல் வகையைச் சேர்ந்தது. அதற்கு வேண்டிய எச்சரிக்கைகள் முன்பே தெரிந்தவை, மொழி தமிழ், சில்லின் முக்கால்பங்கு இன்னும் காலியாக உள்ளது. அக்கருவியில் ஆங்கிலம் மட்டும் இருக்குமானால், நினைவகத்தின் அளவை அதற்குக் காரணமாகக் காட்ட இயலாது.